மாடத்து இருக்கைகள்

“கையத் தூக்கியே ஆகணுமா மேடம்? நெஞ்சுல வெச்சுக்கறேனே. மனசாரச் சொல்ற மாதிரி இருக்கும்.”

மேயராகப் போகிறவர் ஒத்திகையில் இதை மட்டும்தான் கேட்டார்.

“தாராளமா வெச்சுக்குங்க சார். ரெண்டுக்குமே விதியில இடம் இருக்கு,” என்றாள் விழா அலுவலர்.

அது உண்மைதான். பதவிப் பிரமாணத்தில் கை வெறும் அடையாளம். வேலையைச் செய்வது வாய். நீதிபதி துண்டு துண்டாகச் சொல்வார். பதவி ஏற்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசித் துண்டு வாயைவிட்டு வெளியே வந்ததும் ஆள் மேயர் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு வரும் கையெழுத்து, கைதட்டல், படம் எல்லாம் அலங்காரம்.

அவளுக்கு வேண்டியது அந்த அலங்காரம்தான்.

அவளுடைய தம்பி நில அளவையாளன். மேயராகப் போகிற இவருடைய வேலியைத் தள்ளிப் போட்டு அளந்து தர மாட்டேன் என்றான். இவர் இரும்புக் கம்பியை எடுத்தார். இப்போது தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அக்காதான்.

நீதிமன்றம் இவரை விடுவித்துவிட்டது. அடுத்த வாரம் மேல்முறையீடு. “புதுசா ஆதாரம் எதுவும் இல்லன்னா நிக்காதும்மா” என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

வழக்கு நடந்த நாளெல்லாம் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அதனால் இன்றும் அவளை அடையாளம் தெரியவில்லை.

விழாவன்று காலையில் இவருடைய ஆள் ஒருவன் அவளிடம் எகிறினான்.

“என்ன மேடம், அண்ணனோட ஜனத்தையெல்லாம் கொண்டுபோய்ப் பரண்ல ஏத்திட்டீங்க? நாங்க என்ன பழைய பாத்திரமா?”

“கீழ ஜட்ஜுங்க, அதிகாரிங்க. கத்துனா முறைப்பாங்க. மேல மாடத்துல இருந்தா நீங்க பாட்டுக்குக் கத்தலாம்.”

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஒரு கூடத்தில் யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பது மரியாதை சம்பந்தப்பட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உடம்பு சம்பந்தப்பட்டதும்கூட. சத்தம் வருகிற பக்கம் கழுத்து தானாகத் திரும்பும். எதிரே, சம மட்டத்தில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல மார்பளவு அசைவு போதும். தலையைக் கொஞ்சம் ஆட்டினாலும் போதும். ஆனால் கூப்பிடுகிறவர்கள் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தால், கண் போகிற இடத்துக்குக் கையும் போகப் பார்க்கும். மூளையைக் கேட்டுக்கொண்டு போகாது.

விதியில் இருக்கை பற்றி ஒரு வரியும் இல்லை. அது முழுக்க விழா அலுவலரின் விருப்பம்.

பிரமாணம் தொடங்கியது. இவர் உள்ளங்கையை நெஞ்சில் பதித்துக்கொண்டார். “அச்சமின்றி” என்றார் நீதிபதி. “அச்சமின்றி” என்றார் இவர். “நேர்மையுடன்.” “நேர்மையுடன்.” குரலில் ஒரு பிசிறு இல்லை. கை இம்மியும் நகரவில்லை.

சுவரோரம் நின்றிருந்த அவள் மாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

கடைசித் துண்டும் முடிந்தது. மாடம் அதிர்ந்தது.

புது மேயர் சிரித்தார். நெஞ்சில் இருந்த கையை எடுத்து, இடுப்பருகே லேசாக அசைத்தார். அவ்வளவுதான். எப்போதும் அவ்வளவுதான். ஊர்வலங்களில்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். அடக்கமான மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் மாடத்தின் கைப்பிடிச் சுவர் உயரமானது. பின்வரிசைக்காரர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள்.

“அண்ணே! தெரியலண்ணே! மேல பாருண்ணே!”

மேயர் அண்ணாந்து பார்த்தார். அத்தனை முகங்களும் அவருக்காகவே அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. முகம் மலர்ந்தது. ஓரடி முன்னால் வந்தார்.

கை எழுந்தது. வலது கை. தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, மேல்கை காதை உரச, கொடிக்கம்பம்போல நேராக. மேலே போய்ச் சேர்ந்த பிறகு மணிக்கட்டு உற்சாகமாக ஆடவும் செய்தது.

ஃப்ளாஷ்கள் மின்னின. மாநகராட்சியின் வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

புகைப்படக்காரர் கேமராவின் திரையை அவளிடம் காட்டினார். “சூப்பரா விழுந்திருக்கு மேடம். பெருசாப் போட்டு மேயர் ரூம்ல மாட்டிடலாமா?”

“மாட்டலாம். மொதல்ல எனக்கு ஒண்ணு அனுப்புப்பா.”

அனுப்பினார். அவள் அதை வக்கீலுக்குத் தள்ளிவிட்டாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை.

தம்பிக்கு அடி விழுந்தது உச்சந்தலையில். இவரைவிட ஒரு சாண் உயரமானவன் அவன். கையைத் தலைக்கு மேலே ஓங்காமல் அந்த அடி விழாது.

சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்ததில் வலது தோள் மூட்டு இறுகிவிட்டது, ஆயுசுக்கும் கை மார்புக்கு மேலே எழும்பாது என்று வழக்கு நடந்தபோது இவர் கூண்டில் நின்று சொல்லியிருந்தார். தூக்கிக் காட்டச் சொன்னபோது, பல்லைக் கடித்துக்கொண்டு பாதி தூக்கி, கண் கலங்கினார்.

“போதும் போதும், சிரமப்படாதீங்க” என்று நீதிபதியே இரக்கப்பட்டு, அவர் உட்கார ஒரு நாற்காலி போடச் சொன்னார்.