மேனுஷாவின் பள்ளிக்கூடம்

“அப்ப இந்த நீச்சல் குளத்துத் தண்ணி குளிர்காலத்திலயும் சூடாத்தான் இருக்குமோ பிள்ளை?”

“ஓம் அங்கிள், ஹீற்றர் இருக்கு. ஸ்நோ கொட்டினாலும் நாங்கள் ஸ்விம் பண்ணுவம்.”

“இயர் செவன் பிள்ளையளை என்ன நாளில நீந்த விடுவினம்?”

“செவ்வாய்க்கிழமை.”

சண்முகராசா திரும்பி மனைவியைப் பார்த்தார். நகுலேஸ்வரி “செவ்வாய்” என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

தெற்கு லண்டனில், பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பெண்கள் பள்ளிக்கூடம் அது. அன்று ஓப்பன் ஈவினிங். பிள்ளையை அங்கே இயர் செவனில், அதாவது ஏழாம் வகுப்பில், சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் தாரகா, நீலக் கோட்டும் கோடு போட்ட டையுமாக, சுற்றிக் காட்டும் மாணவிகளில் ஒருத்தியாக நின்றாள். நோர்பரியிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் இவர்கள் இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் மண்டபத்தில் தலைமையாசிரியை பேசினார். பரீட்சைக்காகப் பிள்ளைகளைக் கசக்குவதைத் தங்கள் பள்ளிக்கூடம் விரும்புவதில்லை என்றார். நான்காம் வகுப்பிலிருந்தே பிள்ளையை மூன்று ரியூஷனுக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர் அத்தனை பேரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

நகுலேஸ்வரி தட்டவில்லை. அவளுடைய கவலை வேறு. தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்க் கடைக்குள் போனால், முருங்கைக்காயை நிறுக்கும்போதே மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்ன தாய்மாருக்குக் கறிவேப்பிலை இலவசம். வேறு பெயர் சொன்னவர்களுக்கு ஆறுதல் இலவசம். போதாததற்குச் சுவிஸில் இருக்கும் தமையன் ஞானேஸ்வரன், தன் மகளின் பரீட்சைப் புள்ளிகளை ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் வாசிப்பார். மகள் மேனுஷாவின் பெயரோடு இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சனத்தின் முகத்தில் விழிக்க ஏலாது என்று புருசனும் பெண்சாதியும் முடிவுகட்டியிருந்தார்கள்.

தாரகா அவர்களை மாடிக்குக் கூட்டிப்போனாள். தொட்டால் எழுதும் புது வெண்பலகை, வாயுக் குழாய்கள் வரிசையாக நிற்கும் ஆய்வுகூடம், ஆளை விடப் பெரிய வாத்தியங்கள் சாத்தி வைத்திருந்த இசையறை எல்லாவற்றையும் காட்டினாள். வாத்தியங்களை யாராவது வாசிப்பார்களா என்று சண்முகராசா கேட்டார். ஓப்பன் ஈவினிங்கில் கட்டாயம் வாசிப்பார்கள் என்று அவள் சொன்னாள்.

பக்கத்தில் போன பெற்றோர் எல்லாரும் போன வருடம் எத்தனை பேர் கேம்பிரிட்ஜ் போனார்கள், எத்தனை பேர் டொக்டருக்குப் படிக்கப் போனார்கள் என்றே கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் கழிவறை வாசலில் நின்றும் அதையே கேட்டார். சண்முகராசா அப்படி எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் என்ன சாப்பாடு போடுவார்கள், எந்த ரீச்சர் கத்துவார், மழை பெய்தால் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள், வீட்டுக்குப் போக எந்த பஸ் என்று கேட்டார். அப்போதுதான் வரத்தொடங்கியிருந்த கமராப் போனில் படிக்கட்டையும் படம் பிடித்தார்.

தாரகாவுக்கு அவர்களை நிரம்பப் பிடித்துப்போயிற்று. பிள்ளையின் சந்தோசத்தைப் பற்றிக் கேட்கும் தமிழ்ப் பெற்றோரை அவள் அதுவரை கண்டதில்லை. அவளுடைய அப்பா நான்கு வருடத்தில் ஒரேயொரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: மிச்சப் புள்ளி எங்கே?

அந்த நல்லெண்ணத்தில் அவளே ஒரு உதவி செய்யப் பார்த்தாள்.

“இயர் சிக்ஸ் பிள்ளையளுக்குச் சோதினை நவம்பரில அங்கிள். அதுக்குப் பதியிறதெண்டால் கீழ ஒஃபிஸில மிஸ் இருக்கிறா. கூட்டிக்கொண்டு போகட்டோ?”

“அது கிடக்கட்டும் பிள்ளை,” என்றார் சண்முகராசா. “கன்ரீனைக் காட்டுங்கோ.”

கன்ரீனில் வெள்ளிக்கிழமைகளில் மீனும் சிப்ஸும் என்று தெரிந்துகொண்டார்கள். மேனுஷாவையும் கூட்டி வந்திருக்கலாமே என்று தாரகா கேட்டதற்கு, அவள் வரமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டதாக நகுலேஸ்வரி சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

வெளி வாசலுக்கு வந்தாயிற்று. மழை தூறத்தொடங்கியிருந்தது. இருவரும் போகாமல் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“மேனுஷா லக்கி அன்ரி,” என்றாள் தாரகா. “எங்கட வீட்டில இதொண்டும் கேக்கேல்லை. அவா இப்ப எந்த ஸ்கூலில இயர் சிக்ஸ் படிக்கிறா?”

“இயர் சிக்ஸ் இல்லைப் பிள்ளை, செவன். எங்கட ரோட்டு முடக்கில இருக்கிற பள்ளிக்கூடத்தில,” என்றாள் நகுலேஸ்வரி. குரல் மெல்ல இறங்கியது. “போன வருசம் இஞ்சத்தைய சோதினை எழுதி பெயில். ஆனா சனத்துக்கு, சுவிஸ் அண்ணைக்கு எல்லாம், இஞ்சதான் படிக்கிறா எண்டு சொல்லிப்போட்டம்.”

சண்முகராசா தாரகாவின் நீலக் கோட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

“பிள்ளை, மேனுஷா பெரியபிள்ளையாகிட்டா, வாற சனிக்கிழமை சாமத்திய வீடு. இந்த யூனிபோர்மோட வந்து, அவவோட ஒரே பள்ளிக்கூடத்தில படிக்கிறன் எண்டு ஒருக்கா மேடையில நிண்டு படம் எடுத்திட்டுப் போவீங்களோ?”