தாழிட்ட அறையில் ஆண் குரல்

தாழிட்ட அறைக்குள் ஓர் ஆண் குரல் கேட்டது.

பிலோமின்ராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். உள்ளே இருக்க வேண்டியது அவன் தங்கை ரோசரி மட்டும்தான்.

பட்டப்பகல். பாலக்கரைத் தெருவே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். ரோசரி மாதா கோயிலில் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான் அவனுடைய அம்மா இந்தச் சம்பந்தத்தையே பேசினாள்.

மறுபடியும் அந்தக் குரல். கரகரத்த, அடங்கிய குரல். யாரிடமோ கெஞ்சுவதுபோல இருந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே அவள் யாரிடமும் பேசுவதில்லை. தொண்டை கட்டியிருக்கிறதென்று சைகை காட்டுவாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நடமாடினாள். பாட்டுக் குழுவுக்கும் போவதில்லை.

சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து பாடிய குழு அது. பதினாலு வயதில் குரல் உடைந்ததும் அவனை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் மட்டும் பாடினாள். மாதா பாட்டை அவள் எடுத்தால் கோயிலே நிமிர்ந்து பார்க்கும்.

அப்படிப்பட்டவள் பாட்டை விட்டாளென்றால், எவனோ ஒருத்தனுக்காகத்தான்.

ரத்தம் தலைக்கேறியது. இப்போதெல்லாம் சட்டென்று ஏறிவிடுகிறது. உடம்பு ஏறுவதற்கென்று பயில்வான் பிச்சைமுத்து பம்பாயிலிருந்து வரவழைத்துக் கொடுக்கும் ரோஸ் மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து புஜம் சட்டைக் கைக்குள் நுழைவதில்லை. காலையில் மழித்தால் சாயங்காலமே தாடி முளைத்துவிடுகிறது. கோபம் நெஞ்சுக்குள் நிற்பதில்லை.

மாத்திரை நாக்கில் பட்டாலே அவனுக்குக் குமட்டும். அம்மாதான் தினமும் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பாள்.

“புட்டி அதுக்குள்ள காலியா? பொட்டுக்கடலை மாதிரி திங்கிறியாடா?” என்று பிச்சைமுத்து போன வாரம்கூடக் கேலி செய்தார்.

மூலையில் நிறுத்தியிருந்த, தினமும் சுழற்றிப் பழகும் கரலாக்கட்டையை எடுத்துக்கொண்டான். உள்ளே இருப்பவன் உயிரோடு வாசல் தாண்டப் போவதில்லை. அவளும்தான்.

தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது.

ரோசரி மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். ஜன்னல் கம்பிகளைப் பிடித்து உலுக்கினான். யாருமில்லை.

“எங்கடி அவன்?”

அவள் முந்தானையை விலக்கினாள். மேலுதட்டில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்திருந்தது. அதற்கடியில் கறுப்பாக அரும்பியிருந்தது.

“நான்தாண்ணே. நாளைக்குப் பாடச் சொல்வாங்களேன்னு பாடிப் பார்த்தேன்.”

அவன் கேட்ட அதே ஆண் குரல்.

கரலாக்கட்டை தரையில் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு அம்மா சாம்பல் கையோடு ஓடிவந்தாள்.

“அவளை எதுக்குய்யா மிரட்டுறே? பாட்டு புடிச்சு வர்றவங்க, ஒல்லிக்குச்சியா இருக்கான்னு வேணாம்னுடக் கூடாதேன்னு உன் சத்து மாத்திரையைத்தான் அவ பால்லயும் போட்டேன். ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒருத்தருக்கு மட்டும் குடுக்க மனசு வரலை.”

அம்மா மகளின் தோளைத் தடவிப் பார்த்தாள். திரண்டிருந்தது.

“உடம்பு தேறிடுச்சு. இந்தத் தொண்டைக்கட்டுதான் விடமாட்டேங்குது. நாளைக்குள்ள தெளிஞ்சிடும்ல?”

ரோசரி அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெளிஞ்சிடும்மா” என்றான் பிலோமின்ராஜ்.

பதினாலு வயதில் உடைந்து, அதன்பிறகு ஒருநாளும் பழையபடி திரும்பாத குரலில் அதைச் சொன்னான்.