பூட்டாத போன்

"தம்பி, பூட்டாமலே சரி பண்ண ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க" என்று ஒலி முகம்மது கவுண்டரில் பாதி உடம்பைச் சாய்த்துக் கிசுகிசுத்தார். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்ற மனைவி ஜன்னத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு கண் அங்கேயே இருந்தது.

சண்முகநாதன் போனைப் பார்த்தான், ஒலி முகம்மதுவைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அருவியில் நனைந்த போனும், பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாத போனும்தான் அவனிடம் வரும்.

"இந்த வயசுல என்ன பாய்?" என்று சிரித்தான்.

ஒலி முகம்மதுவும் கூடவே சிரித்துவைத்தார். கைலி வியாபாரி. கடையிலுள்ள அத்தனையையும் விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் சிரித்தே பழகிய முகம்.

சண்முகநாதன் விஷயத்தை இன்னொரு தடவை விளக்கினான். கம்பெனி கொடுத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு யாரோ வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதற்காகத் திறந்த பூட்லோடர் என்கிற உள்பூட்டைத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிட்டார்கள். பின்கதவு திறந்து கிடக்கிற வீட்டுக்குள் பேங்க் ஆப் வர மாட்டேன் என்கிறது, பூட்டினால் வரும். உள்ளே இருப்பதெல்லாம் அழியும்தான், அதற்கு முன்னால் போட்டோக்களை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

"போட்டோ கிடக்கட்டும். போனைப் போட்டதும் ஒரு எழுத்து வருதுல்லா, அது?"

"அந்த எச்சரிக்கையா? பூட்டுனா அது வராது பாய். நிம்மதி."

ஒலி முகம்மதுவின் சிரிப்பு நின்றது. இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டவன் மகன் ரிஃபாத். மூன்று வருஷத்துக்கு முன்னால், செங்கோட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன், அவளைத்தான் கட்டுவேன் என்றான். இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்றார் இவர். அதுவரை சொன்ன ஒரு சொல்லையும் கேட்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

அவன் போன மறுநாள் காலையில் இவர் போனைப் போட்டார். கறுப்புத் திரையில் இங்கிலீஷில் நாலைந்து வரி வந்து நின்றது. ஜன்னத்துக்குத் தமிழும் அரபியும்தான் வாசிக்க வரும். அன்றுதான் அதைக் கண்டவள், அவன் ஏதும் எழுதி வைத்திருக்கிறானா என்று கேட்டாள்.

இந்தப் போனை நம்பாதே, ரகசியம் எதையும் இதில் வைக்காதே என்றுதான் அதில் இருந்தது. அழுது வீங்கிய அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசித்தார்: "ரிஃபாத் எழுதியிருக்கான். 'உம்மா, நேரத்துக்குச் சாப்பிடு'ன்னு."

அத்தோடு போயிருந்தால் சரி. மறுநாளும் கேட்டாள். நேற்று வாசித்ததையே எப்படித் திரும்ப வாசிப்பது? அவன் தினமும் அங்கேயிருந்து புதுசாக எழுதுகிறான் என்று ஒரு விஞ்ஞானத்தையும் சேர்த்துச் சொல்லிவைத்தார். கைலி வியாபாரி எழுத்தாளரானது இப்படித்தான். சரக்கு தீர்ந்துபோன வாரங்களில் 'சாப்பிடு' என்பதே மூன்று தடவை வந்தது. நோன்பு மாதத்தில் அதுவும் கைகொடுக்கவில்லை.

இரவு அணைத்த போனை அவர் காலையில் போடும்போது அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். போனைப் பார்க்க மாட்டாள், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'ரிஃபாத் எழுதியிருக்கான்' என்று தொடங்கி இவர் வாசித்து முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போவாள். அப்புறம் நாள் பூராவும் அந்த வீட்டில் மகன் பேச்சு கிடையாது. அது இவர் போட்ட சட்டம்.

"அவ நம்பிக்கிட்டு இருக்கா தம்பி. அதையும் நானே பறிச்சேன்னா..."

சண்முகநாதன் போனைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "பூட்டுனா போன் செத்துரும், அதனால சரி பண்ணலன்னு அம்மாட்ட நானே சொல்லிருதேன், பாய். நீங்க வெளிய போங்க."

அதுவும் சரிதான். பிறத்தியார் பொய் சொல்லும்போதுகூட ஒலி முகம்மதுவின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னத்தை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அச்சன்புதூர் பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று தெருவில் இறங்கினார்.

சாரல் முகத்தில் அடித்த பிறகுதான் குடை அவளிடம் இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தவர் கடைப்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஜன்னத் பேசிக்கொண்டிருந்தாள்.

"செத்துரும்னு இவுக சொல்லச் சொன்னாகளா?"

சண்முகநாதன் போனைக் கவுண்டரில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அது அவன் எழுதுனது இல்லன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும் தம்பி. எழுத்து ஒருநாளும் மாறல. இவுக வாசிக்கதுதான் மாறுது."

படியில் நின்றவரின் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"அப்ப பூட்டிரட்டுமாம்மா?" என்று சண்முகநாதன் மெல்லக் கேட்டான்.

"பூட்டிராதீங்க. பிள்ளை பேரை இவுக வாயால கேக்க எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."