மூணாம் கவுண்ட்டர் மேல் நாற்பத்தொரு புகார்

"வைரஸும் அங்கேதான், புகாரும் அங்கேதான்! அந்த மூணாம் கவுண்ட்டர்ல அப்படி என்னதான் நடக்குது?"

மேனேஜர் மேஜையைத் தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்காரர் தன் டீயைப் பத்திரமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அது குடிநீர் இணைப்பு கொடுக்கும் அலுவலகம். காலையிலிருந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் வைரஸ். சுத்தம் பண்ண வந்தவர்தான் இவர். வந்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இல்லாமல், வைரஸ் நுழைந்தது மூணாம் கவுண்ட்டர் வழியாக என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேனேஜருக்கு வேறென்ன வேண்டும்?

மேஜை மேல் ஒரு டிரான்ஸ்ஃபர் உத்தரவு தயாராக இருந்தது. மூணாம் கவுண்ட்டர் அம்மாவை ஊர்க்கோடியில் இருக்கும் கிளைக்குத் தூக்கியடிக்கிற உத்தரவு. கையெழுத்துதான் பாக்கி.

அந்த அம்மாவின் வீடு அடுத்த தெருவில். மதியம் ஓடிப்போய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீட்டுக்காரருக்கு நாலு வாய் ஊட்டிவிட்டு ஓடி வருவார். ஊர்க்கோடிக்குப் போனால் அது நடக்காது. மேனேஜருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் மூன்று நாளாகக் கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டிருந்தார். இன்று கோபம் முந்திக்கொண்டது.

"ஆறு மாசத்துல நாப்பத்தொரு புகாருங்க! ஒண்ணாம் கவுண்ட்டர் மேல ஒண்ணு உண்டா? ரெண்டாவது மேல உண்டா? எல்லாம் இந்த அம்மா மேலதான்."

கம்ப்யூட்டர்காரர் டீயைக் குடித்தார். அலுவலகத்து வம்பு அவருக்கு எதற்கு?

"சரி, அதை விடுங்க. என் மச்சினன் அவன் கம்ப்யூட்டர்ல வேற ஏதோ சிஸ்டம் போட்டு வச்சிருக்கான். ஆறு வருஷமா வைரஸே இல்லைன்னு பீத்திக்கறான். நமக்கும் அதையே போட்டா என்ன?"

"போடலாம் சார். ஆனா அதை எத்தனை பேர் வச்சிருக்காங்க? வைரஸ் எழுதறவனும் மெனக்கெட்டுத்தானே எழுதறான். ஆளே இல்லாத சந்துல போயா கடை போடுவான்? கூட்டம் இருக்கிற பக்கம்தான் வருவான்."

"அப்போ எல்லாம் கூட்டத்தாலதான்கறீங்களா?"

"எல்லாமேன்னு சொல்ல மாட்டேன். பூட்டு எவ்வளவு கெட்டிங்கறதும் இருக்கு. ஆனா வெறும் எண்ணிக்கையை வச்சு இது மோசம், அது ஒசத்தின்னு முடிவு கட்டிட முடியாது. ஒருத்தனே ஒண்ணை எழுதி, அங்க இங்க மாத்தி நூறாக்கி விட்டிருப்பான். எண்ணினா நூறு. பிரிச்சுப் பாத்தா ஒரே கை. உங்க மூணாம் கவுண்ட்டரையே எடுத்துக்கோங்க. ஜனங்க கொண்டு வர்ற பென் டிரைவ் எல்லாம் அங்கதான் ஏறுது. மத்த ரெண்டுலயும் தூசிதான் ஏறியிருக்கு."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. டோக்கன் நோட்டை இழுத்துப் புரட்டினார். நேற்று ஒண்ணாம் கவுண்ட்டருக்கு வந்தவர்கள் இருபது பேர். ரெண்டாவதுக்குப் பதினேழு. மூணாவதுக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"அடேயப்பா!"

புகார்க் கட்டையும் பிரித்தார். ஆறு மாதமாக எண்ணினாரே தவிர, ஒன்றைக்கூட அவர் முழுசாகப் படித்ததில்லை. ரெண்டைப் பார்த்தார், அஞ்சைப் பார்த்தார். எல்லாம் ஒரே ஆள் எழுதிய எழுத்து.

"பாத்தீங்களா! எவனோ ஒருத்தன் உட்கார்ந்து எழுதித் தள்ளியிருக்கான். அந்த அம்மா மேல அப்படி என்ன பகையோ, பாவி!"

கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். காலையில் மூணாம் கவுண்ட்டர் கம்ப்யூட்டர் மேல் ஒட்டியிருந்த சீட்டு. 'கீபோர்டில் ரெண்டு எழுத்து விழமாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. அதைப் புகார் பக்கத்தில் வைத்தார். அதே குண்டு எழுத்து, அதே இடப்பக்கச் சாய்வு.

"சார், இது அந்த அம்மா எழுத்து."

மேனேஜர் ஆளனுப்பினார். அந்த அம்மா மை பட்ட விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"உங்க மேல நீங்களே புகாரா? டிரான்ஸ்ஃபர் வேணும்னா வாய்விட்டுக் கேக்க வேண்டியதுதானே? எதுக்கும்மா இந்த நாடகம்?"

"ஐயோ, டிரான்ஸ்ஃபரா!" அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவரை விட்டுட்டு நான் எங்க சார் போவேன்? புகாருக்கு அடியில பாருங்க சார்."

பார்த்தார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. நாற்பத்தொன்றிலும் வேறு வேறு ரேகை.

"எல்லாம் எழுதத் தெரியாதவங்க சார். மத்த கவுண்ட்டர்ல 'மனுவை எழுதிக்கிட்டு வா'ன்னு திருப்பி விட்டுடறாங்க. எல்லாரும் எங்கிட்ட வந்துடறாங்க. ஒவ்வொருத்தருக்கா எழுதி முடிக்க நேரமாகுது. பின்னால நிக்கறவங்களுக்குக் கோபம் வருது. வராதா பின்னே?"

"அதுக்காக? இதோ, 'திமிர் பிடிச்ச பொம்பளை'ன்னு எழுதியிருக்கு!"

"அவங்க அப்படித்தான் சார் சொன்னாங்க. வாசிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. டிரான்ஸ்ஃபர் உத்தரவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"மத்ததெல்லாம் எங்கிட்டதானே சார் எழுதி வாங்கறாங்க? கோபம் என் மேலன்னா மட்டும் எழுத மாட்டேன்னு எப்படி சார் சொல்றது?"