கதவோரம் நிற்பவன்

"தரையில போட்டிருக்கிற கோட்டைத் தாண்டாதீங்க தம்பி."

"மன்னிச்சிடுங்க அண்ணா." வந்தவன் சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அருங்காட்சியகத்தின் நான்காம் கூடத்துக் காவலருக்கு, வருகிற ஆண்கள் எல்லோருமே தம்பிதான். எழுபதைத் தாண்டிய ஒருவரை அப்படிக் கூப்பிட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

இந்தத் தம்பி ஒரு மணி நேரமாக ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றான். வாசலில் பயணப் பையை ஒப்படைத்து வாங்கிய காகித டோக்கன், அவன் விரல்களுக்கிடையில் நைந்து போயிருந்தது.

"இது பைபிள் கதைதானே அண்ணா?"

"ஆமா. சொத்துல தன் பங்கை வாங்கிட்டுப் போய் ஊதாரித்தனமா அழிச்ச சின்ன மகன், கந்தலோட திரும்பி வர்றான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கிறார். நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது."

"வாசல்ல கையை நீட்டிக்கிட்டு நிக்கிறது?"

"மூத்த மகன். கீழ எழுதியிருக்கே, படிக்கலையா?"

படித்திருந்தான். 'பொறாமையால் வழிமறித்து நிற்கும் அண்ணன்' என்றது ஓவியத்தின் கீழிருந்த அட்டை.

"நானும் பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்கு வீட்டுக்குப் போகணும்" என்றான் வந்தவன், ஓவியத்தைப் பார்த்தபடியே. "சொல்லாம கொள்ளாம போனவன். அம்மா இறந்தப்பகூட வரலை. அப்பா மன்னிச்சிடுவார், அவர் மனசு எனக்குத் தெரியும். இந்த வாசல்ல நிக்கிற ஆளை நினைச்சாத்தான் பயமா இருக்கு. கையை நீட்டி மறிச்சிட்டா, அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

காவலர் தொப்பியைக் கழற்றினார். அதன் உட்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அட்டை எழுதினவங்க பெரிய படிப்பு படிச்சவங்க. ஆனா இங்க அரை நாள் நின்னிருப்பாங்களா? நான் பதினாறு வருஷமா நிக்கிறேன். அந்தக் கை எங்க இருக்கு, நல்லாப் பாருங்க."

"கதவு மேல."

"அப்பாவோட அங்கி எப்படிப் பறக்குது? அவ்வளவு காத்து! பிடிக்கலைன்னா கதவு படார்னு சாத்திக்கும். அவன் வழியை மறிக்கலை தம்பி. கதவைத் திறந்து பிடிச்சிருக்கான்."

வந்தவன் எட்டிப் பார்த்தான். கால் மறுபடியும் கோட்டைத் தாண்டியது. இந்த முறை காவலர் தடுக்கவில்லை.

"அவன் காலைப் பாருங்க. ஒரு செருப்புதான் இருக்கு. கோபக்காரன் ரெண்டையும் நிதானமா மாட்டிக்கிட்டுத்தான் வருவான். இவன் விழுந்தடிச்சு ஓடி வந்திருக்கான். அப்பா முந்திக்கிட்டார், அவ்வளவுதான்."

"நிஜமாவா அண்ணா?"

"பதினாறு வருஷமா பார்க்கிறவன் சொல்றேன்."

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்து மணி அடித்தது. கூடத்தைப் பூட்டச் சாவிக்கொத்தோடு வந்த டிக்கெட் கவுன்ட்டர் பெண், அழுகிறவனைப் பார்த்துத் தயங்கினாள்.

"யாரண்ணா இவரு?"

"என் தம்பி."

"போங்கண்ணா, உங்களுக்குத்தான் ஊர்ல பாதிப் பேர் தம்பியாச்சே!"

"அவங்களையெல்லாம் வாய்வார்த்தைக்குக் கூப்பிட்டேம்மா" என்றபடி கூடத்தின் கதவை ஒரு கையால் திறந்து பிடித்துக்கொண்டார் காவலர். "இவன் எங்கம்மா பெத்த தம்பி. வாடா, அப்பா வீட்லதான் இருக்கார்."