மூடிய கண்

ராயபுரம் கண் டாக்டரிடம் நோயாளிகள் நெடுநேரம் காத்துக்கிடப்பதைக் குறைக்க, கம்பவுண்டர் ஆசீர்வாதம் ஒரு வழி செய்தார். டாக்டர் வருமுன்பே எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

ரஹீமுன்னிசா கண்ணை மூடியதும் ஒரு கை அவள் கையைப் பற்றியது. ஜப்பான் சண்டைக்கு முந்தி ரங்கூனுக்குக் கப்பலேறித் திரும்பாத வீட்டுக்காரர் பக்ருதீனின் கை. போன வாரமும் இப்படித்தான் பற்றியது. அன்று ஆவலில் கண்ணைத் திறந்தாள்; பக்கத்தில் யாருமில்லை.

இன்று அவள் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம், "மத்தவங்க போவட்டும் நைனா," என்றாள்.

"அவனவன் சீக்கிரம் வுடுன்னு பேஜார் பண்றான். உனக்கு இன்னாம்மா, வூட்ல வேலையே இல்லியா?" என்று சிரித்தார் ஆசீர்வாதம்.

பெஞ்சு மெல்லக் காலியானது. கடைசியில் அவர் அருகில் வந்து நின்றார்.

"நீங்க ரெண்டு பேருதான் பாக்கி. யாரு மொதல்ல வர்றீங்க?"

அவள் கண்ணைத் திறக்காமல் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.