சூப்புக்குப் பிறகு ஒரு மாத்திரை

சூப்பைக் குடித்து முடித்த பெரியவர், கிண்ணத்தை நகர்த்திவிட்டு வலது கையை நீட்டினார்.

விடுதிக்காரம்மாவுக்குப் புரியவில்லை. இன்னொரு ரொட்டி வேண்டுமா என்று கேட்டாள்.

"மாத்திரைம்மா. சூப்புக்குப் பிறகு கொடுப்பீங்களே, அது."

மலை உச்சிச் சன்னிதிக்குப் போகும் இருபத்திரண்டு நாள் நடைபாதையில் அவளுடையதுதான் கடைசி விடுதி. இத்தனை வருஷத்தில் கொப்புளம் குத்த ஊசி கேட்டிருக்கிறார்கள், குறட்டைச் சத்தம் கேட்காத அறை கேட்டிருக்கிறார்கள். மாத்திரைக்கு யாரும் கை நீட்டியதில்லை.

வழியில் எல்லா விடுதியிலும் கொடுத்தார்களாம். வயதானவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு வெள்ளை மாத்திரை, பாதை நிர்வாகத்தின் ஏற்பாடாம். இங்கே மட்டும் என்ன பஞ்சம் என்று கேட்டார்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. நாற்பது வருஷம் லிப்ட் இயக்கியவராம். "ஒரு பெட்டிக்குள்ள எட்டுப் பேர் விட்ட மூச்சை நான் வாங்கியிருக்கேன். அதான் இப்ப தனியா நடக்கிறேன்" என்றார். வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாளாம். தும்மினால் டாக்டருக்குப் போன், எழுந்து நின்றால் எங்கே போறீங்க. அந்தக் காவலிலிருந்து தப்பித்துத்தான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்தாராம்.

"அப்ப வீட்ல தேடமாட்டாங்களா?"

"தேடட்டுமே" என்று சொல்லிவிட்டு, காலுறையை அலச முன்வாசல் குழாய்க்குப் போனார்.

விடுதிக்காரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நீல முத்திரைக்கு உரியவர்தான் என்று நினைத்துக்கொண்டாள். கடைசி விடுதியில், நடந்து வந்தவரின் நோட்டில் 'யார் துணை?' என்ற கட்டத்தை நிரப்பி முத்திரை குத்துவது அந்தப் பாதையின் வழக்கம். துணையோடு வந்தவருக்குச் சிவப்பு. முழுத் தூரமும் தன்னந்தனியே நடந்தவருக்கு நீலம். நீலத்துக்காகப் பொய் சொல்பவர்கள் உண்டு. பத்தொன்பது வருஷத்தில் ஒருவர்கூட அவளை ஏமாற்றியதில்லை.

அப்போது பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். இடது கால் வீங்கி, செருப்பு வாரை மீறிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. தனக்குக் கட்டில் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பழுப்புத் தொப்பி போட்ட பெரியவர் வந்தாரா, சாப்பிட்டாரா என்று கேட்டாள். பிறகு, காகிதத்தில் மடித்திருந்த வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை அவர்கிட்ட நீங்களே கொடுத்துடுங்கம்மா. விடுதியில கொடுக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கார்."

மாமனார் இருதய மாத்திரை டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாராம். எடுத்துக்கொண்டு ஓடிவந்தவளுக்கு அவரைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. பின்னால் வந்தது தெரிந்தால் ரோஷப்பட்டுப் பாதியில் திரும்பிவிடுவார். அதனால் முதல் நாளிலிருந்தே அரை மைல் பின்னால் நடக்கிறாள். ஒவ்வொரு விடுதியிலும் பின்வாசல் வழியாக வந்து பெண்கள் அறையில் படுத்துக்கொள்கிறாள்.

"ஒரு நாள் சட்டுனு திரும்பிப் பார்த்துட்டார். சோளக்கொல்லைக்குள்ள குப்புற விழுந்து படுத்துக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தது தான்தானா என்பது போல உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதற்கெல்லாம் வீட்டுக்காரர் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, அவர் இல்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு விடுதிக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு மாமனாருக்கு நீல முத்திரையே குத்தும்படி கெஞ்சினாள். நான் பின்னால் வந்தது என் பாடு, அவர் தனியாகத்தானே நடந்தார் என்று வாதாடினாள்.

விடுதிக்காரம்மா கையை விடுவித்துக்கொண்டாள். மாத்திரையை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரியவர் வாங்கிப் போட்டுக்கொண்டு, இந்த விடுதிதான் கொஞ்சம் தாமதம் என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் அவர் தோள்பையோடு மேஜை முன்னால் வந்து நின்றபோது, சிவப்பு முத்திரையை மையில் ஒற்றித் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்துக்காக நீலம் குத்தலாம். இந்த மனிதருக்காகப் பொய் சொல்ல மனசு வரவில்லை. யாருமில்லை என்று சொல்லட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

"யார் துணை?"

பெரியவர் பின்கதவை ஒரு தடவை பார்த்தார். குரலை இறக்கினார்.

"மருமகள்னு எழுதுங்கம்மா. சிவப்பே குத்துங்க."

முத்திரை அவள் கையிலேயே நின்றது.

"நேத்து ஒழுங்காச் சாப்பிட்டாளா? கால் வீக்கம் வடிஞ்சிருக்கா? அது வடியட்டும்னுதான் போன விடுதியில ரெண்டு நாள் முதுகு வலின்னு படுத்துக் கிடந்தேன்."

"தெரிஞ்சேதான் அந்தப் பொண்ணை இத்தனை தூரம் அலைய விட்டீங்களா?"

"என் பையன் செத்து ஒன்றரை வருஷமா அவ வாசல்படி தாண்டலைம்மா" என்றார் பெரியவர். "தனக்காக வெளியே வரமாட்டா, என்னைத் தேடிக்கிட்டுன்னா வருவான்னுதான் கிளம்பினேன்."